குப்பிக்குச் சொன்ன பொய்

நெருப்பில்லாமப் புகையாதுன்னு பெரியவங்க சொன்ன சொல்லு ஓடையூர்ல ஒரு சித்திரை மாசம் பொய்யாப் போச்சு. சிவகாசிக்குக் கெழக்க முக்கா மணி நேரம் பஸ்சுல போனா வர்ற அந்த ஊருக்கு, செல்போன் கவர் வந்த அட்டப்பொட்டிக்கு அடியில படுத்துக்கிட்டு மொத மொதல்ல புகைப்பேனா வந்து எறங்குச்சு. பேருதான் பேனா, எழுத வராது. அடியில பேட்டரி, மேல வெரல் நீளத்துக்கு ஒரு குப்பி, குப்பிக்குள்ள ஆயிலு, ஆயில்ல ஊறுன பஞ்சு, பஞ்சச் சுத்தி முடி மொத்தத்துல ஒரு கம்பிச்சுருள். வாயில வெச்சு இழுத்தா கம்பி சூடாகி, ஆயிலு ஆவியாகி, மாதுளம்பழ ருசியோட தொண்டைக்குள்ள எறங்கும். கவர்மெண்டு தடை பண்ண சாமான்தான். ஆனா கவர்மெண்டு தடை பண்ண வெடிய லாரி லாரியா செஞ்சு அனுப்புற ஊருக்கு இதெல்லாம் ஒரு தடையா?

ஊருக்கே ஒரு பட்டாசு ஆலைதான். அதுக்குள்ள தீப்பெட்டி போகக் கூடாது, பீடி போகக் கூடாது, லாடம் அடிச்ச செருப்புகூடப் போகக் கூடாது. கேட்டுல நிக்கிற வாச்மேன் சீனிக்கண்ணு ஒவ்வொருத்தன் மடியையும் தடவித்தான் உள்ள விடுவாரு. பேனாவப் பாத்ததும் முன்னயும் பின்னயும் திருப்பிப் பாத்தாரு. "இதுல நெருப்பு எங்கய்யா இருக்கு?"ன்னாரு. "நெருப்பே இல்ல மாமா, வெறும் புகைதான்"னாங்க. "அப்பப் போ"ன்னுட்டாரு. கம்பி செவக்கிற சூட்ட மடியில கட்டிக்கிட்டு வெடிமருந்துக்குப் பக்கத்துல போய் உக்காந்தா என்ன ஆகும்னு அந்த ஊர்ல ஒருத்தரும் யோசிக்கல. தீன்னா தீப்பெட்டிதான், தீப்பெட்டி வாசல்ல இருக்கு, அப்பத் தீ எப்படி உள்ள வரும்?

அந்தப் பேனாவ ஊருக்குள்ள விட்டவன் வனராசு. பஸ் ஸ்டாப்புல செல்போன் ரிப்பேர் கடை வெச்சிருந்தவன். பாலிடெக்னிக்ல மூணாவது செமஸ்டரோட நின்னுட்டான். ஏண்டா நின்னன்னு கேட்டா "நான் எங்க நின்னேன், நான் நடந்துக்கிட்டுத்தான் இருந்தேன், காலேஜ்தான் என்னய விட்டுட்டு முன்னால போயிருச்சு"ம்பான். அவன் வாயில இருந்து வர்றதுல பாதி பொய்யி, மீதிப் பாதி நக்கலு. அவங்க ஆத்தா செத்தன்னைக்கு வந்த சனத்த, பாடைக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டுச் சிரிக்க வெச்சவன். அவனுக்குன்னு இருந்தது ஒரே ஒரு அக்கா, வெயிலுமுத்து. ஆலையில நாலாம் நம்பர் ரூம்ல மருந்து செலுத்துறவ. கைரேகைக்குள்ள வெள்ளி நெறத்துல அலுமினியப் பொடி ஏறி, எத்தன சோப்பு போட்டாலும் போகாம, வெயில்ல கைய நீட்டுனா மீன் செதிலு மாதிரி மின்னும். அவதான் அவனப் படிக்க வெச்சா, அவன் படிக்காம வந்ததுக்கப்புறம் கடையும் வெச்சுக் குடுத்தா.

ஆவணி மாசத்துல ஒரு செவ்வாக்கெழம காலைல, ஆலைக்குப் போற ஆளுங்க எட்டுப் பேரு கடைக்கு முன்னால வந்து நின்னு, "டேய் ராசு, என்ன எழவடா ஊத்துன, அடிப்பிடிச்ச பால் மாதிரி கருகி நாறுது"ன்னாங்க. வனராசு ஒவ்வொரு பேனாவையும் வாங்கி இழுத்துப் பாத்தான். அவனுக்கு மாதுளைதான் இனிச்சுச்சு. ஆனாலும் யாவாரம் யாவாரமில்லையா, கருகலுக்குன்னு இருக்கிற வைத்தியம் அம்புட்டையும் பண்ணான். ஆயிலு பஞ்சுல ஊறட்டும்னு கொஞ்ச நேரம் நிமித்தி வெச்சான். சூட்டக் கொறச்சு வெச்சான். "பசிச்ச கன்னுக்குட்டி மாதிரி விடாம இழுக்காதீங்கய்யா, விட்டு விட்டு இழுங்க"ன்னான். கடைசியா ஒரு குப்பிய ஒடச்சு உள்ள பாத்தா, பஞ்சு அப்பப் பறிச்ச மல்லி மாதிரி வெள்ளையா இருக்கு, கம்பியில ஒரு பொட்டுக் கரி இல்ல. "பேனா நல்லாத்தாய்யா இருக்கு, உங்க வாயிதான் சரியில்ல, போய் வெளக்கிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டான். பதினோரு மணிக்கு ஆலையில எட்டாம் நம்பர் ரூமு வெடிச்சுப் போயிருச்சு. ரூமோட மூணு பேரு.

பதினாறு நாள் கழிச்சு மறுபடியும் கருகுச்சு, மறுபடியும் ஒரு ரூமு போச்சு. மூணாவது தடவ கருகுனப்ப ஒருத்தரும் உள்ள போகல. கேட்டுக்கு வெளிய வேப்பமரத்தடியில சாப்பாட்டுத் தூக்கோட உக்காந்துட்டாங்க. மொதலாளி தங்கப்பழம் கார்ல வந்து எறங்கி, பாத்தாரு, யோசிச்சாரு, "சரி, இன்னைக்கு லீவு"ன்னாரு. அவரு வாய மூடல, அதுக்குள்ள மரத்தடியில இருந்த நூத்திமுப்பது பேனாவும் ஒரே நேரத்துல மாதுளையா மாறி, அந்த வாசத்துக்கு எங்கேயோ இருந்த தேனீயெல்லாம் வந்துருச்சு.

ஏன் இப்படி, எதுக்கு இப்படின்னு ஓடையூர்ல யாரும் மண்டைய ஒடச்சுக்கல. பல்லி சொன்னாக் கேக்குறோம், கோடாங்கி சொன்னாக் கேக்குறோம், இது பேட்டரி போட்ட பல்லின்னு வெச்சுக்கிட்டாங்க. புரட்டாசி பொறக்குறதுக்குள்ள வீட்டுக்கு ஒரு பேனா காலண்டர் ஆணியில தொங்குச்சு. புகைன்னா மூக்கப் பொத்துற பொம்பளைங்ககூட, கொழம்புக்கு உப்புப் பாக்குற மாதிரி, காலைல ஒரே ஒரு இழுப்பு இழுத்து, நாக்க மேலண்ணத்துல ஒட்டிப் பாத்துட்டுத்தான் சேலைய மாத்துனாங்க. மாரியம்மன் கோயில் ரேடியோவுல பாட்டுக்கு நடுவுல "பக்தகோடிகளே, இன்னைக்கு ருசி இனிப்பு"ன்னு சொன்னாங்க. கருகுன அன்னைக்கு ஒண்ணும் சொல்லாம தேங்கா மட்டும் ஒடச்சாங்க. சீனிக்கண்ணு கேட்டுல மடியத் தடவுறத விட்டுட்டு "வாய ஊது, வாய ஊது"ன்னு மோந்து பாக்க ஆரம்பிச்சாரு. மேலிடத்துல இருந்து ஒரு ஆபீசர் விசாரிக்க வந்து, ஒரு கருகல் பேனாவ வாங்கி நாலு இழுப்பு இழுத்து, "எனக்கு நல்லாத்தானே இருக்கு"ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாரு. அவருக்கென்ன, அவரு உள்ள போகப்போறவரா. உள்ள போறவங்க நாக்குலதான் அது கருகும்.

வனராசு நாக்கு மட்டும் வெதிவெலக்கு. ஊரான் பேனா எதுவும் அவனுக்குக் கருகல, அக்கா பேனா மட்டும் கருகுச்சு. ஒரு வயித்துல பொறந்ததாலயோ, ஒரே சட்டியில தின்னு வளந்ததாலயோ, வெயிலுமுத்து பேனாவ இழுத்தா அவ நாக்குல என்னவோ அதுவே அவன் நாக்குலயும். அதனால தெனமும் காலைல அவ எந்திரிக்கிறதுக்கு முன்னால அவன் எந்திரிச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு, இனிச்சா மறுபடி படுத்துக்குவான், கருகுனா ஊரையே எழுப்பி விட்டுருவான்.

தீபாவளி நெருங்க நெருங்கத்தான் வென வந்துச்சு. நாலு பேரு உக்கார வேண்டிய ரூம்ல பதினோரு பேரு உக்காந்து, அளவு பாக்காம மருந்தத் தட்டி, காயாத வெடியக் காஞ்சதுன்னு கட்டுனா ருசி எப்படி இனிக்கும்? ஒருநாள் விட்டு ஒருநாள் கருகுச்சு. அப்புறம் தெனமும் கருகுச்சு. லீவு, லீவு, லீவு. மொதலாளி தங்கப்பழம் ஒரு ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூட்டி, வேப்பமரத்தடியில சேர் போட்டு உக்காந்து, ரொம்பப் பாசமாப் பேசுனாரு.

"நான் என்ன கொலகாரனா? நீங்க என் புள்ளைங்க. ருசி சரியில்லன்னு சொல்றீங்க, நான் இல்லன்னு சொல்லல. ருசி சரியில்லன்னா ருசியத்தான சரி பண்ணனும்? ஆலைய மூடுனா எப்படி? கொழம்பு கரிச்சா அடுப்பயா இடிப்பாங்க?"

"ரூமுக்கு நாலு பேரு போட்டா ருசி தன்னால சரியாகும் மொதலாளி"ன்னு கூட்டத்துக்குப் பின்னால இருந்து வனராசு கொரல் குடுத்தான்.

மொதலாளி திரும்பிப் பாத்துச் சிரிச்சாரு. "யாரு, நம்ம டாக்டரா? நீதான ஊருக்குப் பேனா வித்தவன்? வித்த பொருளு பழுதுன்னா சரி பண்ணிக் குடுக்குறது உன் வேலையா, என் வேலையா? பத்து நாள் பாப்பேன். அப்புறம் வடக்க இருந்து ஆளு எறக்கிருவேன். அவங்ககிட்டப் பேனா கெடையாது, பாத்துக்கோ."

சனம் சிரிச்சுச்சு. மொதலாளி சொன்னதுக்கா, வனராசு மொகத்தப் பாத்ததுக்கான்னு தெரியல. ஆனா அன்னைக்குச் சாயங்காலமே ஊரு அவன் கடை வாசல்ல வரிசையில நின்னுச்சு. "சரி பண்ணுடா ராசு." "உனக்குப் புண்ணியமாப் போகும் ராசு." "ஆலைய சரி பண்ண உன்னால முடியாது, பேனாவ சரி பண்ணலாம்ல?" அவன் எல்லாரையும் நக்கலடிச்சு அனுப்பிட்டு வீட்டுக்கு வந்தா, வெயிலுமுத்து அவ பேனாவ எடுத்துச் சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல வெச்சா.

"நீயுமா யக்கா?"

"நானுந்தான்."

"அது உசுரக் காப்பாத்துற சாமான்."

"லீவு உசுரக் காப்பாத்தும், சோத்தக் குடுக்காது. அடுப்புப் பத்தி எத்தன நாளாச்சு தெரியுமா உனக்கு? இந்தச் சோறே பக்கத்து வீட்டுல வாங்குனது. நீ கடையில டீயக் குடிச்சுட்டுக் கெடப்ப, நீ எங்கிட்டுப் பாத்த?"

"அதுக்காகக் கருகுதுன்னு தெரிஞ்சே போவியா?"

"பேனா வர்றதுக்கு முன்னால என்ன தெரியாமலா போனோம்?" வெயிலுமுத்து மின்னுற கையால சோத்தப் பெசஞ்சா. "எல்லாம் தெரியும்டா. பயந்துக்கிட்டேதான் போவோம், பயந்துக்கிட்டேதான் வருவோம். அந்தப் பயத்துக்கு ஒரு ருசி வேண்டாம், அவ்வளவுதான். எங்க பயத்த நாங்க பாத்துக்கிறோம். நீ ருசிய மட்டும் எடுத்துவிடு."

வனராசு வாழ்க்கையில அவன் அக்கா அவன்கிட்ட ஒரு வேலை சொல்லி அத அவன் முழுசா முடிச்சதே கெடையாது. இத முடிச்சான்.

எப்படி முடிச்சான்னா, பஞ்ச மாத்திப் பாத்தான், கம்பிய மாத்திப் பாத்தான், ஆயில மாத்திப் பாத்தான், ஒண்ணும் நடக்கல. கருகாத பஞ்ச எப்படிக் கருகாமப் பண்றது? அப்புறந்தான் மண்டையில ஒறச்சுச்சு: மொதலாளி லீவுன்னு சொன்னதும் இனிச்சுச்சுல்ல, அப்ப இதுக்குக் காது இருக்கு. அக்கா குப்பியோட மூடியக் கழட்டி, வாய்க்குப் பக்கத்துல வெச்சு, புள்ளையத் தூங்க வெக்கிற மாதிரி மெதுவா, "இன்னைக்கு லீவு, யாரும் போகல, எல்லாரும் வீட்டுலதான் இருக்காங்க"ன்னு சொல்லி, சொன்ன மூச்சு வெளிய போறதுக்குள்ள மூடிய இறுக்கிட்டான். இழுத்துப் பாத்தான். மாதுளை. சொளையச் சொளையா உரிச்சு வாயில போட்ட மாதிரி மாதுளை. ஊரையே ஏமாத்துன வாயி, ஒரு சுண்டுவெரல் குப்பிய ஏமாத்தாதா என்ன? மூணு நாள் கடைய விட்டு அசையாம, முன்னூத்திச் சொச்சம் குப்பிக்கும் ஒவ்வொண்ணா அதே பொய்யச் சொல்லி அடச்சுக் குடுத்தான். குப்பிங்க நம்புச்சுங்க. பாவம், அந்த ஊர்லயே அவன் சொன்னத நம்புனது அதுங்க மட்டுந்தான்.

கோயில் ரேடியோவுல "இன்னைக்கு ருசி இனிப்பு" தெனமும் வந்துச்சு. மொதலாளி மேடை போட்டு அவனுக்குச் சால்வ போத்துனாரு. படிச்சிருந்தா இவன் எங்கயோ போயிருப்பான்னாங்க. வெயிலுமுத்து அன்னைக்கு வீட்டுல கறி எடுத்தா. ஒம்பது நாளு ஒரு கொறையும் இல்லாமப் போச்சு.

பத்தாம் நாள் காலைல வனராசு எந்திரிக்கும்போதே வாய்க்குள்ள எரிஞ்ச ஓலக் கொட்டாய நக்குன மாதிரி இருந்துச்சு. பல்லு வெளக்குனான், பேஸ்ட்டு கருகுச்சு. கொப்புளிச்சான், தண்ணி கருகுச்சு. ஓடிப் போய் அக்கா பேனாவ எடுத்து இழுத்தான். அது மட்டும் சிரிச்சுக்கிட்டு மாதுளையா மணந்துச்சு. வெயிலுமுத்து இட்லி வெச்சா. ஒரு வாயி போட்டான், முழுங்க முடியல.

"யக்கா, இட்லி அடிப்பிடிச்சிருச்சா?"

"இல்லயே, பூ மாதிரி இருக்கே"ன்னு சொல்லிட்டு அவ அந்தப் பக்கம் திரும்பி, அஞ்சறப்பொட்டியில இருந்து நாலு கிராம்பு எடுத்து வாயில போட்டுக்கிட்டா. அவளுக்குக் கிராம்பே ஆகாது.

ஆலைக்கு ஆளு ஏத்திட்டுப் போற கம்பெனி பஸ்சு எட்டு மணிக்கு வரும். அது வந்து நின்னு ஆளு ஏறி முடியிற வரைக்கும் வனராசு கடை வாசல்ல நின்னு தெனமும் ஒரு நக்கலு எடுத்து விடுவான், பஸ்சே குலுங்கும். அன்னைக்குப் பஸ்சுக்குள்ள எட்டிப் பாத்தான். எல்லாரும் எதையோ மென்னுக்கிட்டு இருந்தாங்க. ஒருத்தன் புளிப்பு மிட்டாய், ஒருத்தி வெத்தல, ஒருத்தி ஊறுகா மாங்கா, டிரைவர் வாயில ஏலக்கா. வனராசு படியில ஒரு கால வெச்சு, கோயில் ரேடியோ கொரல்லயே, "பக்தகோடிகளே! இன்னைக்கு ருசி கருகல்! நாக்கு இருக்கிறவங்க எல்லாம் எறங்குங்க!"ன்னு கத்துனான்.

ஒருத்தராவது சிரிச்சிருந்தா அவன் அப்பிடியே கடைக்குள்ள போயிருப்பான். யாரும் சிரிக்கல. அம்பத்தி மூணு பேரும் மென்னுக்கிட்டிருந்த வாய நிப்பாட்டிட்டு, அவனப் பாக்காம, ஜன்னலுக்கு வெளிய வேற ஏதோ ஒண்ணப் பாத்தாங்க. அப்பத்தான் அவனுக்குப் புரிஞ்சுச்சு: குப்பியில இருந்து அவன் தொரத்தி விட்டது எங்கயும் போகல, ஆளாளுக்கு வாய்க்குள்ள வந்து குடியேறியிருக்கு. பக்கத்து சீட்டுக்குத் தெரியாம மென்னு மென்னு முழுங்கிக்கிட்டிருக்காங்க.

"யக்கா, எறங்கு."

"டேய், மானத்த வாங்காத. போ."

"யக்கா, உனக்கும் கருகுது. கிராம்பு திங்கிறவளா நீ? எறங்கு யக்கா."

"நான் எறங்குனா ரூம்ல கை கொறையும்டா. மத்தவளுக எல்லாம் போகலையா?"

"மத்தவள எல்லாம் எனக்குத் தெரியாது. எனக்கு நீ மட்டுந்தான் கருகுற."

ஆத்தா பாடைக்கு முன்னால அழாதவன், பஸ்சு படியில நின்னு மூக்கு ஒழுக ஒழுக அழுதான். வெயிலுமுத்து ஊரையெல்லாம் எதுத்து நின்னுருவா, அத எதுக்க அவளால முடியல. தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு எறங்கிட்டா.

"ஒரு ஆளு கொறையுது, யாரும் வர்றீங்களா?"ன்னு டிரைவர் ஸ்டாப்பப் பாத்துக் கேட்டாரு. புதுசா கல்யாணம் ஆகி போன வாரந்தான் ஊருக்கு வந்த சத்தியவாணி, வேல கெடைக்குமான்னு மூணு நாளா தெனமும் வந்து அந்த ஸ்டாப்புல நின்னவ, மஞ்சக்கயிறு இன்னும் நெறம் மங்கல, "நான் வர்றேண்ணே!"ன்னு ஓடி வந்தா. வெயிலுமுத்துகிட்ட வந்து நின்னு, "உங்க எடத்துல ஒக்காந்துக்கிரட்டுமாக்கா?"ன்னு சிரிச்சுக்கிட்டுக் கேட்டா. "யாருமே பேசாம இருக்காங்க, என்னக்கா, சண்டையா?"

வெயிலுமுத்து அழுகிற தம்பியத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. "ஒக்காரு தாயி"ன்னுட்டா.

பஸ்சு கெளம்புச்சு. அது ரெண்டு வீடு தாண்டல, வனராசு வாய்க்குள்ள இருந்த கருகலு கதவத் தொறந்துக்கிட்டுப் போற மாதிரி போச்சு. எச்சி எச்சியா இருந்துச்சு. கடையில மிச்சமிருந்த ஆறிப்போன டீய ஒரு வாயி குடிச்சான், டீ டீயா இருந்துச்சு. அவனுக்குச் சிரிப்பா வந்துச்சு. "யக்கா! போயிருச்சு யக்கா! இனிக்குது!"ன்னு கைய ஆட்டிக் குதிச்சான்.

வெயிலுமுத்து கிராம்பத் துப்புனா. நாக்க ஒதட்டுல தடவிப் பாத்தா.

"எனக்கும் போயிருச்சுடா"ன்னா. அப்புறம் அவ மொகம் மாறுச்சு. "எங்கடா போச்சு?"

தூக்குச்சட்டியக் கீழ போட்டுட்டுப் பஸ்சுக்குப் பின்னால ஓட ஆரம்பிச்சா. சோறு ரோட்டுல செதற, சேலைய முழங்கால் வரைக்கும் தூக்கிக்கிட்டு, "நிப்பாட்டுங்கய்யா, அந்தப் புள்ளைய எறக்கி விடுங்கய்யா"ன்னு கத்திக்கிட்டு ஓடுனா. வனராசும் பின்னாலயே ஓடுனான். டிரைவர் கண்ணாடியில பாத்தாரு, இவன் தெனமும் பண்ற கூத்துதான்னு நெனச்சு கியரப் போட்டாரு. கடைசி ஜன்னல்ல சத்தியவாணி திரும்பிப் பாத்தா. எடத்தக் குடுத்துட்டு மனசு கேக்காம ஓடி வர்றாகன்னு நெனச்சுக்கிட்டாளோ என்னமோ, சிரிச்சா, கைய ஆட்டுனா. ஆட்டுன கை பாதியில நின்னுச்சு. மொகத்தச் சுளிச்சா. வாயத் தொறந்து, நாக்க ஒருதரம் உள்ளுக்குள்ள சொழட்டி, ஜன்னல் வழியாத் தலைய நீட்டி, ரோட்டுல காறித் துப்புனா.